முதல் குதிரை வாங்குமுன்: சென்னைவாசிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

முதன்முதலாகக் குதிரை வாங்குகிறவர்களில் பலர் ஒரே வரிசையில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். நிறம் பிடித்துப்போய் முன்பணம் கொடுக்கிறார்கள். பிறகு லாயத்துக்கு இடம் தேடுகிறார்கள். பிறகு சைஸை, அதாவது குதிரையைப் பராமரிக்கும் ஆளை, தேடுகிறார்கள். குதிரை நொண்டத் தொடங்கிய பிறகுதான் மருத்துவரைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கினாலே பாதித் தொல்லை வராது. இடம், ஆள், மருத்துவர் ஆகிய மூன்றும் முதலில் அமைய வேண்டும். அதன் பிறகு குதிரையின் காலையும் குளம்பையும் பார்க்க வேண்டும். முகத்தையும் நிறத்தையும் கடைசியில்தான் பார்க்க வேண்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில் அமைந்தவை; ஒன்று முடியாமல் அடுத்ததற்குப் போக வேண்டாம்.

1. லாயமும் தீவனமும் உறுதியான பிறகே தேடத் தொடங்குங்கள்

ஒரு குதிரைக்குக் குறைந்தது 12 அடிக்கு 12 அடி அளவுள்ள அறை வேண்டும். கூரை உயரமாக இருக்க வேண்டும், காற்று இரு பக்கமும் ஓட வேண்டும். சென்னை வெயிலில் தாழ்வான தகரக் கூரையின் கீழ் நிற்கும் குதிரை நண்பகலில் வேலையே இல்லாமல் மூச்சு வாங்கும்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது அக்கம்பக்கத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் இங்கே தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது? முழங்கால் அளவு என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெள்ளத்தில் காரை விட்டுவிட்டு மாடிக்கு ஏறலாம். குதிரையை விட்டுவிட்டு ஏற முடியாது. ஈரத்தில் பல நாள் நின்றால் குளம்பின் அடிப்பகுதி அழுகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்புப் பகுதியில் வைத்துக்கொள்வதாக இருந்தால், உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி பற்றி முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தீவனக் கணக்கு. குதிரை நாளொன்றுக்குத் தன் உடல் எடையில் ஏறக்குறைய இரண்டு விழுக்காடு அளவுக்கு உலர்தீவனம் தின்னும். 400 கிலோ குதிரைக்கு அது 8 கிலோ. அதில் பெரும்பகுதி புல்லாகத்தான் இருக்க வேண்டும். பச்சைப்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர் என்பதால், பச்சையாகவே கொடுப்பதென்றால் தினம் 40 கிலோ தேவைப்படும். உலர்ந்த புல்லும் குதிரை மசால் என்ற தீவனப்பயிரும் ஆண்டு முழுவதும், குறிப்பாக ஐப்பசி, கார்த்திகை மழையிலும் எங்கிருந்து வரும் என்பதற்கு விடை கிடைத்த பிறகே அடுத்த வேலை. வைக்கோல் வயிற்றை நிரப்பும், ஆனால் சத்துப் போதாது.

கொள்ளு கொடுத்தால் குதிரை நன்றாக இருக்கும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கொள்ளு நல்ல தீவனம்தான். ஆனால் அது புல்லுக்கு மாற்று ஆகாது. குதிரையின் இரைப்பை அதன் உடலளவுக்கு மிகச் சிறியது, அதோடு குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஒரே வேளையில் தானியத்தைக் குவித்தால் வயிற்று வலியில் கொண்டுபோய்விடும். குதிரைகளில் வயிற்று வலி என்பது உயிரைக் குடிக்கும் நோய்.

லாடம் அடிப்பவர் ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை வர ஒப்புக்கொள்ள வேண்டும். அனுபவமுள்ள சைஸ் ஒருவர் குதிரைக்கு முன்பே வேலைக்குச் சேர்ந்திருக்க வேண்டும். அவரையே குதிரை பார்க்கவும் உடன் அழைத்துச் செல்லலாம். குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவரின் எண்ணையும், வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இரவில் குதிரையை ஏற்றிச் செல்லக்கூடிய வண்டிக்காரரின் எண்ணையும் இப்போதே குறித்து வையுங்கள்.

2. யார் ஏறப்போகிறார்கள், எதற்காக என்பதை எழுதி வையுங்கள்

பொதுவான ஆசையோடு போகிறவருக்கு எந்தக் குதிரையும் பொருத்தமாகத்தான் தெரியும். ஏறப்போகிறவரின் எடை, அனுபவம், வாரத்தில் எத்தனை நாள் ஏறுவார், எங்கே ஓட்டுவார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விற்பவர் பேசப்பேச மனம் மாறும், தாள் மாறாது.

எடையை ஊகிக்க வேண்டாம், தையல் நாடாவால் அளக்கலாம். முன்கால்களுக்குப் பின்னால் மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 168, நீளம் 155 என்றால் 368 கிலோ வரும். ஏறுபவரும் சேணமும் சேர்ந்து அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. அதாவது 73 கிலோ. சேணமே ஏழெட்டுக் கிலோ இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உயரத்தை 'ஹேண்ட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம். 14.2 என்றால் பதினான்கு ஹேண்டும் இரண்டு அங்குலமும், ஆக 58 அங்குலம். பதினான்கு ஹேண்டும் பத்தில் இரண்டு பங்கும் என்று கணக்கிட்டுவிடக் கூடாது.

வயதில்தான் மிகப் பெரிய தவறு நடக்கிறது. "பையனும் குதிரையும் சேர்ந்தே வளரட்டும்" என்று சொல்லி இரண்டு வயதுக் குட்டியை வாங்கிக் கொடுக்கும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். கற்காத குழந்தையும் கற்காத குதிரையும் சேர்ந்தால் இருவருக்கும் பயம்தான் கற்றுக்கொள்ளக் கிடைக்கும். முதல் குதிரை எட்டு வயதிலிருந்து பதினைந்து வயதுக்குள், பலரும் ஏறிப் பழகியதாக இருக்கட்டும். பெட்டையோ காயடித்த ஆணோ போதும். காயடிக்காத ஆண் குதிரையை நம் ஊரில் கம்பீரத்துக்காகத் தேடி வாங்குகிறார்கள். பக்கத்தில் ஒரு பெட்டை வந்து நின்றால் அதைக் கையாளப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

3. எங்கே, எந்தக் காலத்தில் தேடுவது

சென்னையைச் சுற்றி மூன்று வகைக் குதிரைகள் அதிகம் கிடைக்கின்றன.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோப்ரெட் இனப் பந்தயக் குதிரைகள் விலை குறைவு என்பதால் ஆசை காட்டும். ஆனால் இரண்டு வயதிலிருந்தே ஓடிய கால்கள் அவை; முன்கால் தசைநாண்களில் பழைய காயம் இருக்கிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். கடிவாளத்தை இழுத்தால் நிற்பதற்குப் பதிலாக அதன்மேல் சாய்ந்து இன்னும் வேகமாக ஓடுவது இவற்றில் பலவற்றின் பழக்கம். மறுபயிற்சி முடிந்த ஒன்றையே புதியவர் வாங்கலாம்.

மார்வாரி, கத்தியவாரி இனங்களைக் காது நுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று நெருங்குவதை வைத்து அடையாளம் காணலாம். வறண்ட நிலத்துக் குதிரைகள் என்பதால் வெப்பத்தைத் தாங்கும். ஆனால் நம் கடற்கரைக் காற்றின் ஈரம் அவற்றுக்குப் புதிது. ஊர்வலத்துக்கும் ஆட்டத்துக்கும் பழக்கப்பட்டவற்றில் சில, நேராக ஐம்பது அடி அமைதியாக நடக்கவே அறியாதவை.

மூன்றாவது வகை, கலப்பு நாட்டுக்குதிரைகளும் மட்டக்குதிரைகளும். பார்வைக்கு எளிமையாக இருந்தாலும் முதல் குதிரையாக இவற்றில்தான் நல்லவை அதிகம் கிடைக்கின்றன என்பது என் கருத்து.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் விழாவையொட்டிக் கூடும் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். ஒரே நாளில் பல குதிரைகளை அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் முதல் முறை பணம் எடுத்துச் செல்லாமல் போங்கள். கூட்டமும் மேளமும் பேரமும் சேர்ந்த இடத்தில் ஒரு குதிரையின் இயல்பை அறிய முடியாது, சந்தை கலைந்தபின் திரும்பிப் பார்க்கவும் வாய்ப்பு இராது.

தை, மாசி மாதங்களில் குதிரையைச் சென்னைக்குக் கொண்டுவருவது நல்லது. சித்திரை வெயிலிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வந்து இறங்கும் குதிரைக்குப் புது இடத்தோடு புதுக் காலநிலையும் சேர்ந்து சுமையாகிறது.

4. இரண்டு முறை போங்கள். இரண்டாம் முறை சொல்லாமல் போங்கள்

சொல்லிவிட்டுப் போனால் குளிப்பாட்டி, வாரி, சேணம் கட்டித் தயாராக வைத்திருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய நிலையை. லாயத்தில் எப்படி நிற்கிறது, தலைக்கயிறு போட விடுகிறதா, காலைத் தூக்க விடுகிறதா, சேணத்தைக் கண்டதும் காதைப் பின்னுக்கு மடிக்கிறதா என்பவை எல்லாம் அங்கேதான் தெரியும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் ஒருவருக்காக ஒரு பழுப்பு நிறப் பெட்டையைப் பார்க்கப் போயிருந்தேன். ஆடாமல் அசையாமல் நின்றது. ஏறியவர் சொன்னபடியெல்லாம் கேட்டது. வந்தவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. சேணத்தை இறக்கியதும் அதன் அடியில் கையை வைத்துப் பார்த்தேன்: அப்போது வந்த வியர்வையோடு, ஓரங்களில் உப்புப் பூத்துக் காய்ந்த இன்னொரு கோடும் இருந்தது. நாங்கள் வருவதற்கு முன் நெடுநேரம் ஓட்டிக் களைக்க வைத்திருக்கிறார்கள். நான்கு நாள் கழித்துக் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போனபோது அதே குதிரை லாயக் கதவை உதைத்துக்கொண்டிருந்தது.

ஆகவே போனவுடன் முதல் வேலையாக முதுகிலும், வயிற்றுவாரின் அடியிலும், காதுகளுக்குப் பின்னாலும் தொட்டுப் பாருங்கள். ஈரமோ உப்போ இருந்தால் வேறொரு நாள் வாருங்கள். மயக்க ஊசி போட்ட குதிரையும் இதுபோல் அமைதியாக நிற்கும். தலை தாழ்ந்து, கீழுதடு தொங்கி, ஓசைக்குக் காது திரும்பாமல் இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

மரத்தைக் கடித்துக் காற்றை விழுங்குவதும், நின்ற இடத்தில் தலையை இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே இருப்பதும் தனிமையிலும் அடைபட்ட வாழ்விலும் வரும் பழக்கங்கள். தொட்டி விளிம்பு தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குதிரையை மறைத்தாலும் தொட்டியை மறைக்க முடியாது.

5. பரிசோதனையைக் குளம்பிலிருந்து தொடங்கி மேலே போங்கள்

முகத்திலிருந்து தொடங்கினால் கால்களுக்கு வருவதற்குள் மனம் முடிவெடுத்துவிடும். அதனால்தான் இந்த வரிசை.

நான்கு குளம்புகளையும் தூக்கிப் பாருங்கள். அடியில் முக்கோண வடிவில் இருக்கும் மென்பகுதி ரப்பர்போல் உறுதியாக இருக்க வேண்டும். கருப்பாகக் கசிந்து நாற்றம் அடித்தால் அழுகல். குளம்பின் வெளிச்சுவரில் ஆழமான வளையங்கள் குதிகால் பக்கம் விரிந்தும் முன்பக்கம் நெருங்கியும் இருந்தால், முன்பு குளம்பின் உள்ளே அழற்சி வந்திருக்கலாம். ஒரு முன்குளம்பு மற்றதைவிடத் தெளிவாகச் சிறியதாக இருந்தால், நீண்ட நாளாக அந்தக் காலில் எடை வைக்காமல் தவிர்த்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து முழங்காலுக்குக் கீழே. இரு முன்கால்களையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் பிடித்து, பின்பக்கத் தசைநாணை மேலிருந்து கீழாக வருடுங்கள். கயிறுபோல் நேராகவும் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வில்போல் வெளியே புடைத்திருந்தாலோ சூடாக இருந்தாலோ அழுத்தும்போது காலை இழுத்துக்கொண்டாலோ அது காயம். ஒரு காலை மட்டும் தொட்டால் இந்த வேறுபாடு தெரியாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் கை அறியும்.

பிறகு முதுகெலும்பின் இரு பக்கமும் விரல்களால் மெல்ல அழுத்திக்கொண்டே போங்கள். வாலைத் தூக்கிப் பார்க்கவும் மறக்க வேண்டாம். கருந்தோலும் வெண்மயிரும் கொண்ட குதிரைகளில், பதினைந்து வயதைத் தாண்டிய பெரும்பாலானவற்றுக்கு வால் அடியில் கருப்புக் கட்டிகள் வரும். இளஞ்சிவப்புத் தோலுடைய நுக்ரா வகைக்கு வெயிலில் தோல் வெந்துபோகும் தொல்லை உண்டு. சென்னையில் அதற்கு நிழல் கூடுதலாக வேண்டும்.

6. வயதைப் பல்லில் பாருங்கள்

முன்பற்களில் நடுவிலுள்ள பால்பற்கள் இரண்டரை வயதிலும், அடுத்தவை மூன்றரையிலும், ஓரத்தவை நான்கரையிலும் விழுந்து புதியவை முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். கீழ்ப்பற்களின் மேற்பரப்புக் குழிகள் நடுவிலிருந்து ஓரமாக முறையே ஆறு, ஏழு, எட்டு வயதில் தேய்ந்து மறையும். மேல் ஓரப்பல்லில் ஈறருகே ஒரு பழுப்புக் கோடு பத்து வயதில் தோன்றி, பதினைந்தில் பாதிப் பல்லையும் இருபதில் முழுப் பல்லையும் எட்டும். பத்துக்கு மேல் இது தோராயக் கணக்குதான். இருந்தாலும், "ஏழு வயசுதாங்க" என்று சொல்லப்படும் குதிரையின் பல்லில் பாதி நீளத்துக்குக் கோடு இறங்கியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டோ பதிவுச் சான்றோ உள்ள குதிரையாக இருந்தால், அதிலுள்ள அடையாளங்களைக் குதிரையோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பாருங்கள்.

7. கெட்டித் தரையில் ஓட விட்டுப் பாருங்கள்

மணலில் நொண்டல் மறைந்துவிடும். தார்ச்சாலை அல்லது சிமெண்டுத் தரையில், சைஸ் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு டிராட் எனப்படும் சீரான மெல்லோட்டத்தில் நேராகப் போய்த் திரும்பி வரட்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையசைவு தெரியாது. தெரியக்கூடாது என்பதற்காகவே சிலர் அப்படிப் பிடிப்பார்கள்.

முன்காலில் வலி இருந்தால், வலிக்கும் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும், நல்ல கால் ஊன்றும்போது தாழும். பின்காலில் வலி இருந்தால் அந்தப் பக்க இடுப்பு மற்றதைவிட அதிகமாக ஏறி இறங்கும். கண்ணால் பிடிபடவில்லை என்றால் கண்ணை மூடிக் குளம்போசையைக் கேளுங்கள். டிராட்டில் ஒரே சீரான இரட்டைத் தாளம் வர வேண்டும். கைப்பேசியில் எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்ப்பதும் உதவும்.

ஓட்டத்துக்கு முன் தாடையெலும்பின் உள்விளிம்பில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். அமைதியாக நிற்கையில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். கால்மணி நேரம் ஓட்டிய பிறகு, இன்னொரு கால்மணிக்குள் 60-க்குக் கீழே இறங்கிவிட வேண்டும். இந்தச் சோதனையை வெயில் ஏறிய நேரத்தில் ஒருமுறை செய்யுங்கள், ஏனெனில் வெப்பமும் ஈரமும் கூடிய ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்க்காமலே போய்விடும். மூச்சு வேகமாக இரைக்க, தோல் மட்டும் காய்ந்திருக்கும் குதிரை சென்னையில் கோடையைக் கடப்பது மிகக் கடினம். காலைக் குளிரில் மட்டும் பார்த்து வாங்கியவர்கள் இதைச் சித்திரையில்தான் கண்டுகொள்கிறார்கள்.

8. விற்பவர் ஏறிய பிறகு நீங்கள் ஏறுங்கள்

முதலில் விற்பவரோ அவருடைய ஆளோ ஏற வேண்டும். அவர்களே தயங்கினால் காரணம் இருக்கிறது. அடுத்து உங்களோடு வந்த அனுபவசாலி, கடைசியில் யாருக்காக வாங்குகிறீர்களோ அவர். நடை, நிறுத்தம், திருப்பம், டிராட் என்ற அளவில் போதும். மற்ற குதிரைகளை விட்டுப் பிரிந்து தனியே போகிறதா, வாசலைத் தாண்டி ஆட்டோவும் நாயும் போகும் சாலையில் என்ன செய்கிறது என்பவற்றைப் பாருங்கள். திடுக்கிடுவது தவறில்லை, திடுக்கிட்ட பின் எவ்வளவு விரைவில் அடங்குகிறது என்பதே கணக்கு.

9. மருத்துவர் உங்களுடையவராக இருக்கட்டும்

விற்பவரின் மருத்துவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அந்தக் குதிரையை நெடுநாள் பார்த்தவர். உங்கள் தேவையைப் பார்த்தவர் அல்லர். நீங்கள் அமர்த்தும் மருத்துவர் இதயம், நுரையீரல், கண், பல் ஆகியவற்றைச் சோதித்து, ஒவ்வொரு காலையும் ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓட விட்டுப் பார்ப்பார். அதே நாளில் இரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். வலிநிவாரணி கொடுத்து நொண்டலை மறைத்திருந்தால் அது இரத்தத்தில் தெரியும்.

இரத்தப் பரிசோதனைகளில் ஒன்றை விடவே கூடாது, அது கிளாண்டர்ஸ். பாக்டீரியாவால் வரும் இந்நோய் மனிதருக்கும் தொற்றக்கூடியது. நோய் உறுதியான குதிரையைச் சட்டப்படி கொன்று அகற்ற வேண்டும். ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் இதற்கான பரிசோதனை உண்டு. முடிவு வர நாளாகும் என்று விற்பவர் அவசரப்படுத்தினால், காத்திருக்க முடியாத குதிரை நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஈக்கள் பரப்பும் சர்ரா நோய்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள். மெலிவும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் அதன் அடையாளங்கள். டெட்டனஸ், ரேபிஸ் தடுப்பூசிகள் போடப்பட்ட தேதிகளை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

10. சுழியும் விலையும் எழுத்தும்

இப்போது நிறத்தையும் முகத்தையும் பார்க்கலாம், சுழியையும் பார்க்கலாம். சுழி பார்ப்பது நம் மரபு. வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள், பின்னால் விற்கும்போதும் விலையில் பேசும். ஆகவே அதை ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் ராசியான சுழி இருக்கிறது என்பதற்காக வீங்கிய தசைநாணைப் பொறுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல, ஆகாத சுழி என்று மற்றவர்கள் தள்ளிய குதிரை, காலும் மூச்சும் குணமும் நன்றாக இருந்து குறைந்த விலைக்கு வந்தால், எனக்குத் தயக்கமே இல்லை.

விலை பேசும்போது வாங்கும் தொகையை மட்டும் எண்ணாதீர்கள். தீவனம், சைஸின் சம்பளம், லாடம், மருந்து ஆகியவற்றின் ஓராண்டுச் செலவைக் கூட்டி, அதைத் தனியே எடுத்து வைத்த பிறகு மிஞ்சுவதே குதிரையின் விலைக்கான பணம்.

ஒப்பந்தத்தில் நிறம், நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழிகள் இருக்கும் இடம், உயரம், வயது, உடலில் பதித்த சிப் இருந்தால் அதன் எண், தெரிந்த நோய்கள், தீய பழக்கங்கள், இரத்தப் பரிசோதனை முடிவு பாதகமாக வந்தால் பணம் திரும்பும் என்ற வரி ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். நான்கு பக்கப் படங்களும் பின்னிணைப்பாக இருக்கட்டும். முன்பணத்தை இந்தத் தாளில் கையெழுத்தான பிறகே கொடுங்கள்.

11. வண்டியும் முதல் மூன்று வாரமும்

பயணத்துக்குத் தகுதியான நிலையில் குதிரை இருக்கிறது என்ற மருத்துவச் சான்று, 1978-ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி உடன் செல்ல வேண்டும். இரவுப் பயணமே நல்லது. தரையில் வழுக்காத விரிப்பும், இடையிடையே நிறுத்தித் தண்ணீரும் தேவை.

விற்பவரிடமிருந்து பத்து நாள் தீவனத்தையும் சேர்த்து வாங்கி வாருங்கள். பழையதைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் புதியதைக் கூட்டினால்தான் குடல் பழகும். மற்ற குதிரைகள் இருந்தால் மூன்று வாரம் தள்ளிக் கட்டுங்கள்; பார்வையில் படும் தூரம் போதும். நாள்தோறும் காலையில் வெப்பம் பாருங்கள், 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இயல்பு.

நீலாங்கரைக்குத் தெற்கே மணல் நிலத்தில் லாயம் வைத்திருப்பவர்கள் தீவனத்தைத் தரையில் போடவே கூடாது. புல்லோடு மணலும் உள்ளே போய்க் குடலின் அடியில் தங்கிவிடும். தரையைத் தொடாத லத்தி உருண்டைகள் ஆறை ஒரு கண்ணாடிக் குடுவையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரைமணி நேரம் வையுங்கள். நார் மேலே மிதக்கும், மணல் அடியில் வெண்கோடாகப் படியும். ஒரு தேக்கரண்டிக்கு மேல் படிந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். மூன்றாவது வாரத்தின் முடிவில் இதைச் செய்து பாருங்கள். குடுவையின் அடி தெளிவாகவும், வெப்பக் குறிப்பேடு சீராகவும், குதிரை உங்கள் காலடி ஓசைக்குத் தலையை உயர்த்திப் பார்ப்பதாகவும் இருந்தால், மறுநாள் காலை ஐந்தரை மணிக்குச் சேணம் கட்டலாம்.